ஜிலிப்சி பராமரிப்பாளர்களே, எந்தப் படியில் தோற்றது என்று சொல்லுங்கள்

வணக்கம். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியைப் பராமரிக்கும் உங்களுக்கு இந்தக் கடிதம்.

ஃபோர்க்கில் (ஓடும் புராசஸை அப்படியே நகலெடுப்பது) என்ன கோளாறு, போசிக்ஸ் ஸ்பான் (புது புராசஸில் வேறொரு புரோகிராமை நேரடியாகத் தொடங்கும் ஃபங்ஷன்) எதற்கு என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல த்ரெட் ஓடுகிற புரோகிராமில் ஃபோர்க்குக்கும், நகலில் வேறு புரோகிராமை ஏற்றும் எக்ஸெக்குக்கும் நடுவே பயந்து பயந்து கோட் எழுதியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எங்கள் சர்வரில் அதைத் தூக்கிவிட்டு ஸ்பானுக்கு மாறினோம். மாறியதில் வருத்தமில்லை, அது தோற்கும்போது பேசாமல் இருப்பதுதான் வருத்தம்.

போன வாரம் புது வெர்ஷன் போட்ட ராத்திரி, வொர்க்கர் புராசஸ் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. லாகில் இருந்தது ஒரே வரி: ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. எந்த ஃபைல்? எந்த டைரக்டரி? பைனரி இருந்த இடத்திலேயே இருந்தது, பெர்மிஷனும் சரி. ஸ்பானிடம் நாங்கள் கொடுத்திருந்த வேலைகள்: டைரக்டரி மாற்றுவது, புராசஸின் அவுட்புட் போக வேண்டிய ஃபைலைத் திறப்பது, டூப்2 செய்வது (அவுட்புட்டை அந்த ஃபைலுக்குத் திருப்புவது), அப்புறம் மிச்ச எஃப்டிகளை (திறந்திருக்கும் ஃபைல்களின் எண்களை) மூடுவது. போக வேண்டிய டைரக்டரி இல்லையென்றாலும் ஈநோஎன்ட் (லாகில் வந்த அந்த வரிக்கான எர்ரர் கோட்), அவுட்புட் ஃபைலுக்கான ஃபோல்டர் இல்லையென்றாலும் ஈநோஎன்ட், பைனரி இருந்து அதன் டைனமிக் லோடர் (அதற்கு வேண்டிய நூலகங்களை ஏற்றுவது) இல்லையென்றாலும் அதே ஈநோஎன்ட்தான். புராசஸின் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும், ஆனால் எங்கள் புரொடக்ஷன் கன்டெய்னரில் அதற்கு வேண்டிய பிட்ரேஸுக்கு அனுமதி கிடையாது. ஒவ்வொரு வேலையாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்து, விடிகிற நேரத்தில்தான் அந்த அவுட்புட் ஃபோல்டர் புது இமேஜில் இல்லை என்பது பிடிபட்டது.

கோபம் வருவதற்குக் காரணம் உங்கள் சோர்ஸிலேயே இருக்கிறது. லினக்ஸுக்கான ஸ்பானி.சி ஃபைலில், சைல்ட் (புதிதாகக் கிளம்பும்) புராசஸ் இந்த வேலைகளை ஒரு லூப்பில் வரிசையாகச் செய்கிறது. எத்தனையாவது வேலை என்ற எண் அதன் கையிலேயே இருக்கிறது. ஒன்று தோற்றதும் எர்நோவை (எர்ரர் கோடை) மட்டும் பேரன்ட்டிடம் (அதைக் கிளப்பிய புராசஸிடம்) எழுதிவிட்டு, அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியேறுகிறது. ஜிலிப்சி 2.24 வெர்ஷனிலிருந்து இருவருக்கும் மெமரி பொதுவானது, எக்ஸெக் ஆகும்வரை அல்லது சைல்ட் வெளியேறும்வரை பேரன்ட் காத்திருக்கிறது. பைப் வேண்டாம், கெர்னலில் புது சிஸ்கால் வேண்டாம், எர்நோவுக்குப் பக்கத்தில் இன்னொரு இன்ட் எழுதினால் போதும். எந்தப் படியில் தோற்றது என்பதைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

2.24-க்கு முன்னால், எக்ஸெக் தோற்றாலும் ஸ்பான் வெற்றி என்று திரும்பி வரும், சைல்ட் 127 என்ற எக்ஸிட் கோடோடு செத்துக் கிடக்கும். அதைச் சரிசெய்தவர்கள் நீங்கள்தான், அதற்கு உண்மையாகவே நன்றி. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. பைத்தானின் சப்பிராசஸ் மாட்யூலைப் பாருங்கள். வொர்க்கிங் டைரக்டரி கொடுத்தால் அது போசிக்ஸ் ஸ்பான் பக்கமே போவதில்லை, தன் சொந்தக் கோடில் ஃபோர்க் செய்து, எக்ஸெக்குக்கு முன்பே தோற்றதா என்பதையும் பைப் வழியே பேரன்ட்டுக்கு அனுப்புகிறது. அதனால்தான் அதன் எர்ரரில் சரியான டைரக்டரி பெயர் வருகிறது. நூலகம் செய்ய வேண்டியதை ஒவ்வொரு மொழிக்காரரும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு போகவில்லை. 2001 போசிக்ஸிலேயே ஸ்பான் இருக்கிறது, சைல்டின் டைரக்டரியை மாற்றும் வசதி உங்களிடம் வந்தது 2019-இல், 2.29-இல். யூமாஸ்க் (புது ஃபைல்களின் பெர்மிஷன் வரம்பு), ரிசோர்ஸ் லிமிட் இரண்டுக்கும் இன்னும் வழியில்லை. வழியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? நடுவே ஒரு ஷெல் ஸ்கிரிப்டைச் செருகுவார்கள், அல்லது யாருக்கும் வேண்டாத அந்த ஃபோர்க்குக்கே திரும்புவார்கள். அப்படித் திரும்பியவர்களிடம் த்ரெட் பாதுகாப்பு பற்றி நாம் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அதையெல்லாம் பிறகு பேசலாம். இப்போதைக்குக் கேட்பது ஒன்றுதான். ஸ்பானுக்கு அமைப்புகளைச் சொல்லும் ஆட்ரிபியூட் ஸ்ட்ரக்சரில் எதிர்காலத்துக்கென்று பேடிங் (காலி) இடம் விட்டிருக்கிறீர்கள், 2.39-இல் சிகுரூப்புக்கு (புராசஸ்களைக் குழுவாக்கிக் கட்டுப்படுத்தும் வசதிக்கு) அதிலிருந்துதான் எடுத்தீர்கள். அதே இடத்தில் ஒரு பாயின்டர் வைக்க அனுமதியுங்கள். ஸ்பான் தோற்றால் எத்தனையாவது ஃபைல் ஆக்ஷன் (மேலே சொன்ன வேலைகளில் ஒன்று), அல்லது எக்ஸெக்கா, அல்லது செட்சிட் (புது செஷன் தொடங்குவது) போன்ற ஆட்ரிபியூட்டா என்று அதில் எழுதட்டும். பாயின்டர் கொடுக்காத பழைய புரோகிராம்களுக்கு எதுவும் மாறாது.

பேட்ச், டெஸ்ட், மேனுவல் மூன்றையும் எழுதித் தர நான் தயார். ஆட்ரிபியூட் வழியாகவா, தனி ஃபங்ஷனாகவா, எது உங்களுக்குச் சரிப்படும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.