ஹமில்டன் இன்னும் உருக்கு நகரம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரொறன்ரோவை விட்டு ஹமில்டனுக்குக் குடிவருகிறவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். வீட்டு விலை, ரொறன்ரோவுக்குப் போகும் கோ ரயில், நீர்வீழ்ச்சிகள் எல்லாம் சரி. ஆனால் "ஒருகாலத்தில் உருக்கு நகரமாக இருந்த" என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இங்குள்ள ஸ்டெல்கோ உருக்கு நிறுவனத்தை 2007இல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் வாங்கியது, 2010இல் இங்கே அதன் இரும்பு உருக்கும் ஊதுலை நின்றது, 2013இல் அந்த ஆலையில் இனி உருக்கு உற்பத்தியே இல்லை என்று அறிவித்தார்கள், உண்மைதான். ஆனால் இங்குள்ள மற்ற உருக்கு ஆலையான டொஃபாஸ்கோவுக்கு இன்றும் ஆயிரக்கணக்கானோர் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். இரவில் ஸ்கைவே பாலத்தில் வந்து பாருங்கள், ஏரிக்கரை வானம் செம்மஞ்சளாகக் கிடக்கும்.

நான் பார்ட்டன் வீதிப் பக்கம் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஆலைகள் இருக்கும் துறைமுகப் பக்கமிருந்து காற்றடித்தால் யன்னல் கட்டையில் கறுப்புத் தூள் படியும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்கும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வெளியே உடுப்புக் காயப்போடவே பயம். இது குறையவேண்டும் என்று கூட்டங்களில் எழுந்து கேட்டவள் நான், அதனால் ஆலைப் பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அழுக்கும் எங்களுடையது, அதைத் துப்புரவாக்கும் வேலையும் எங்களுடையது, "ஒருகாலத்தில்" என்று சொன்னால் இரண்டுமே மறைந்துபோகும்.

துறைமுகத்தின் மாசுபட்ட பகுதியான ராண்டில் ரீஃப்பை எடுங்கள். நிலக்கரித் தார் ஊறிய சேற்றைத் துறைமுகத்திலிருந்து முழுதாக அள்ளிக்கொண்டு போக முடியாது என்பதால், தண்ணீருக்குள்ளேயே ஆறு ஹெக்டேருக்குச் சற்றுக் கூடிய இடத்தை இரட்டை உருக்குச் சுவரால் அடைத்து, சுற்றியிருந்த சேற்றையும் அதற்குள் போட்டு மூடுவதுதான் திட்டம். தன் பங்காக அந்தச் சுவருக்கு உருக்குக் கொடுத்தது ஸ்டெல்கோ நிறுவனம். இதை எழுதாமல் பேஃபிரண்ட் பூங்காவின் சைக்கிள் பாதையை மட்டும் எழுதினால் வாசகருக்கு எப்படி விளங்கும்?

வீடு பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். வெஸ்ட் ஹார்பர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஸ்டூவர்ட் வீதியில் 1860இல் கட்டிய பழைய சுங்கக் கட்டடம் இருக்கிறது, இப்போது அது தொழிலாளர் கலை, மரபு நிலையம். 1946இல் ஸ்டெல்கோ தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கிய ஊர் இது என்று தெரிந்துகொண்டு, அப்புறம் வீடு பார்க்கட்டும். உங்கள் நிருபரும் அடுத்தமுறை ஷிப்ட் மாறும் நேரத்தில் பார்ட்டன் வீதிக்கு வரட்டும், கதைக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கிழக்கு ஹமில்டன்