உயிர்ச் சான்று வாங்கும் நாளில் இன்னொரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் செல்லும் சாலையை ஒட்டிய ஊர்களில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று அடையாளம் சொல்லும் வீடு இல்லாத தெரு குறைவு. அப்படி ஒரு வீட்டில் பிறந்து, தரைப்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று இரண்டாண்டுகூட நிறையாத எங்கள் பகுதிக்காரர் ஒருவர் அண்மையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாள் நான்கு வரிச் செய்தி வந்தது. காரணம் ‘குடும்பத் தகராறு’. வேறு சமயங்களில் இதே இடத்தில் ‘தீராத வயிற்றுவலி’ என்றிருக்கும். காவல் நிலையத்தில் பதிவானதைத்தான் செய்தியாளர் எழுத முடியும் என்பதை அறிவேன். ஆனால், தூக்கமின்மையும் குடியும் கடனும் மாதக்கணக்கில் சேர்ந்து ஒரு மனிதரை அரித்துத் தின்றது அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது. பழியோ அவருடைய மனைவியின் தலையில் விழுகிறது.

பணியில் இருப்பவர்களின் கணக்காவது நாடாளுமன்றத்தில் கேட்டால் கிடைக்கிறது. 2022 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு அளித்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலையால் இறந்தனர். தரைப்படையினர் 642 பேர், விமானப்படையினர் 148 பேர், கடற்படையினர் 29 பேர். சீருடையைக் கழற்றியவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் ‘ஓய்வுபெற்றோர்’ என்ற பிரிவு உண்டே தவிர, முன்னாள் படைவீரருக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஏடிஎம் வாசலில் காவலுக்கு நிற்கும் நாற்பது வயது முன்னாள் நாயக் (தரைப்படையின் கீழ்நிலைப் பதவிகளில் ஒன்று), இறந்த பிறகு அந்தக் கணக்கில் தனியார் ஊழியராகிவிடுகிறார். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை இதற்கென்றே ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. 2022இல் அங்கே இவ்வாறு இறந்தவர்கள் 6,407 பேர் என்று அதனால் சொல்ல முடிகிறது.

யூனிட்டில் (படைப்பிரிவில்) தினமும் ‘ரோல் கால்’ என்ற வருகைக் கணக்கெடுப்பு உண்டு. ஓர் ஆள் குறைந்தாலும் தேடிப் போவார்கள். எழும் நேரம், உண்ணும் நேரம், பக்கத்துக் கட்டிலில் படுக்கும் தோழன் என எல்லாம் வகுக்கப்பட்ட வாழ்க்கையிலிருந்து நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்புகிறவர், பிள்ளைகள் தம்மை விருந்தாளியைப் போலப் பார்ப்பதையும், தாம் அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலத்தின் பட்டா வேறு பெயரில் இருப்பதையும் ஒரே மாதத்தில் அறிய நேர்கிறது. நிலம் ஆந்திரத்திலும் குடும்ப அட்டை தமிழகத்திலும் உள்ள எங்கள் எல்லையோரக் குடும்பங்களில் இந்த அலைச்சல் இரட்டிப்பு. பணியில் இருந்தபோது மனச்சோர்வு என்று வாய்திறந்தால் மருத்துவத் தரம் குறைந்து பதவி உயர்வு நின்றுவிடும் என்று அஞ்சி அடக்கிப் பழகியவர், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். மருந்தகத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பார். மனச்சோர்வைப் பற்றி மட்டும் அங்கும் பேசமாட்டார். மாலையானால் ராணுவக் கேன்டீனில் வாங்கிய மதுதான் துணை. எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்து நண்பர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளலாம். ஆனாலும், அட்டைக்கு இத்தனை பாட்டில் என்று மாதந்தோறும் தவறாமல் வாங்கித் தரும் நாம், அதை யார் தனியாக உட்கார்ந்து குடிக்கிறார் என்று கவனிக்கத் தவறிவிட்டோம்.

ஓய்வூதியம் நிற்காமலிருக்க ஒவ்வொருவரும் தாம் உயிரோடு இருப்பதற்கான உயிர்ச் சான்றை ஆண்டுக்கொரு முறை அளித்தாக வேண்டும். படையினரின் ஓய்வூதியத்துக்கான ‘ஸ்பார்ஷ்’ கணினிமுறை வந்தபின் வயதானவர்கள் பலரும் இதற்குச் சங்கத்து ஆட்களின் உதவியை நாடுகிறார்கள். கைவிரல் ரேகை வைக்க வரும் அந்த நாளில், தூக்கம் எப்படி இருக்கிறது, வாழ்க்கை போதும் என்ற எண்ணம் வருகிறதா என்று தனியே அழைத்துக் கேட்க, ஊருக்கு இரண்டு பேரையாவது பயிற்றுவிக்க முடியும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு என்பதே மனநல மருத்துவர்களின் கருத்து. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தில் பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் அதிகாரிகள் அமர்கிறார்கள்; மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கும் அங்கே, மறைப்புள்ள ஓர் அறையில், ஒரு நாற்காலி போடலாம்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் உண்டு. உரிமம் பெற்ற துப்பாக்கியுடன் காவல் வேலை பார்ப்பவர் மனமுடைந்திருக்கும் நாள்களில், தேர்தல் காலத்தில் செய்வதைப் போலவே அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமலிருக்கலாம். வழக்கு வரும் என்று அஞ்சி மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுவருவோர் இன்னும் இருக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்பதே 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது. தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; ஆந்திரப் பக்கம் குடியிருப்பவர்களும் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். படையினருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் என்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் இதன் தனிப் பிரிவு ஒன்றும் தொடங்கப்பட்டது. இத்தகைய செய்திகளின் அடியில் இந்த எண்ணைத் தங்கள் நாளிதழ் தவறாமல் அச்சிட வேண்டுகிறேன்.

இன்னொன்றும் அவசரமானது. நான்காண்டுப் பணிக்கென்று படையில் சேர்க்கப்படும் அக்னிவீரர்களின் முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சியில் சேர்ந்தவர்கள். நான்காண்டு முடிந்ததும் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் 25 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பதே அறிவிப்பு. மற்றவர்கள் இருபதுகளின் நடுவயதில் ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, ஈ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. உயிர்ச் சான்று கேட்டுக்கூட அவர்களை யாரும் அழைக்கப்போவதில்லை என்பதால், நான் மேலே சொன்ன ஏற்பாட்டில் அவர்கள் பெயர்களைச் சேர்க்கும்படி மாவட்ட நிர்வாகமும் எங்கள் சங்கங்களும் இப்போதே முடிவெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்,
பரதராமி, குடியாத்தம் வட்டம்.