அம்மாவின் காதில் ஓடிய தறி

எல்லோருக்கும் வணக்கம்.

வடசேரியில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர் அம்மா. போன வருஷம் ஆடியில், "வலது காதுக்குள்ள தறி ஓடுது மக்ளே" என்றபோது சிரித்துவிட்டோம். ராத்திரி படுத்தால் இன்னும் அதிகமாகக் கேட்குமாம். ஓரிடத்தில் காது அழுக்கு எடுத்தார்கள், இன்னோரிடத்தில் மாத்திரை கொடுத்தார்கள். தலை ஸ்கேனும் நார்மல் என்றே வந்தது. இப்படியே எட்டு மாதம்.

முதல் நன்றி அந்த இளம் காது மூக்கு தொண்டை டாக்டருக்கு. டாக்டர், அம்மாவின் காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மறு கையால் நாடியைப் பிடித்தீர்கள். நாடியோடு சேர்ந்து 'உஸ், உஸ்' என்று உங்களுக்கும் கேட்டது. என்னையும் கேட்கச் சொன்னீர்கள். அம்மா முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

டூரல் ஏவி ஃபிஸ்டுலா என்றீர்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில், தமனி ரத்தம் நுண்குழாய்கள் வழியே போகாமல் நேரே சிரையில் கொட்டுகிறது. அந்த இரைச்சல்தான் அம்மாவின் தறி.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில் டிஎஸ்ஏ ஆஞ்சியோகிராம், அதாவது ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம், எடுத்தபோதுதான் முழு விவரம் தெரிந்தது. ரத்தம் மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள்ளும் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருந்தது. வெறும் சத்தம் என்றால் பொறுத்துப் பார்க்கலாமாம். இப்படி இருந்தால் மூளையில் ரத்தக்கசிவு வரலாம், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். மண்டையைத் திறக்கவில்லை. தொடை இடுக்கிலிருந்து மெல்லிய குழாயைத் தலை வரை செலுத்தி, ஆனிக்ஸ் என்ற திரவத்தைச் செலுத்தி அந்த இணைப்பை அடைத்தார்கள். தாளில் படம் வரைந்து விளக்கிய டாக்டர்களுக்கு நன்றி. "காலை மடக்கல்லே அம்மே" என்று, குழாய் விட்ட காலை நீட்டியே வைக்கச் சொல்லி மணிக்கணக்கில் அம்மாவோடு மல்லுக்கட்டிய நர்ஸ் சேச்சிக்கு இரட்டை நன்றி. அம்மா லேசுப்பட்டவர் இல்லை.

மயக்கம் தெளிந்ததும் அம்மா சொன்னது: "தறி நின்னுட்டு மக்ளே."

அப்புறம், வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த மாமாவுக்கு. கேட்காமலே வளையலை அடகு வைத்துப் பணம் தந்த எதிர்வீட்டுச் சித்திக்கு. சித்தி, தை மாதம் வளையல் உங்கள் கையில் இருக்கும்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஆஞ்சியோகிராமிலும் அந்த வழி அடைபட்டே இருக்கிறது. டாக்டர், அம்மா உங்களுக்கென்று ஒரு வேட்டி நெய்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குக் கொண்டு வருகிறோம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.