லொக் பைலை அப்படியே அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி முரண்டு பிடித்தால், அதில் நடப்பதை வரிவரியாகப் பதிந்து வைக்கும் லொக் பைலை அப்படியே வட்ஸ்அப் குழுமத்தில் போட்டு உதவி கேட்கும் பழக்கம் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பரவியிருக்கிறது. ரியூசன் நிலையம், மருந்தகம் போன்ற இடங்களின் கணினி என்றால், வெளியே போவது ஊராரின் விபரமும்தான்.

லொக்கில் எரர் மட்டும் இருப்பதில்லை. பயனர் பெயர், கணினியின் பெயர், திறந்த பைல்களின் பெயர்கள் எல்லாம் விழுந்திருக்கும். அவசரத்தில் பயனர் பெயருக்கான கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டால், 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்று அந்தக் கடவுச்சொல்லே பச்சையாகப் பதிவாகிவிடும். இணையத்தளமொன்று அடையாள அட்டை இலக்கத்தை முகவரி வரியிலேயே சேர்த்து அனுப்பினால், சேவரின் லொக்கில் அதுவும் தங்கும். நமது இலக்கமோ சும்மா இலக்கமல்ல. 1990564 என்று தொடங்கினால் பிறந்த ஆண்டு 1990. 564இல் 500 கூட்டியிருப்பதால் பெண். மிச்சம் 64ஆம் நாள், அதாவது மார்ச் 4. பெயரே தேவையில்லை.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. பைலைப் பிரதியெடுத்து, பிரதியை நோட்பாடில் திறவுங்கள். எரர் வந்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் போதும், மற்றதை வெட்டுங்கள். கொன்ட்ரோல், எச் அழுத்தி, ஒவ்வொரு பெயருக்கும் இலக்கத்துக்கும் 'பயனர்1', 'பயனர்2' என்று மாற்றுப்பெயர் போடுங்கள். வெறுமனே அழித்தால் எந்த வரி யாருடையது என்று திருத்துபவருக்குப் பிடிபடாது. நேரம், எரர் இலக்கம், மென்பொருள் பதிப்பு மூன்றிலும் கைவைக்காதீர்கள். 192.168 என்று தொடங்கும் கணினி முகவரி (ஐபி) வீட்டு, கடை வலையமைப்புக்குள் மட்டும் ஓடுவது. அதை மறைக்க மெனக்கெட வேண்டாம். வின்டோஸின் லொக்கைக் காட்டும் ஈவென்ட் வியூவர் பதிவென்றால் முதலில் டெக்ஸ்ட் பைலாகச் சேமிக்க வேண்டும். ஸ்கிரீன்ஷொட்டில் ஹைலைட்டர் பேனாவால் கிறுக்குவது வீண். வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்துத் தெரியும். முழுக் கறுப்புக் கட்டமே போடுங்கள்.

பிரவுசருக்கும் இணையத்தளத்துக்கும் இடையில் போய்வந்ததைப் பதிந்து எடுக்கும் ஹார் பைல்தான் பொல்லாதது. அதில் லொகின் குக்கீ (நீங்கள் ஏற்கனவே உள்நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவு) இருந்தால், கடவுச்சொல் தெரியாமலே உங்கள் கணக்குக்குள் புகலாம். 2023இல், மற்ற நிறுவனங்களுக்கு லொகின் சேவை வழங்கும் ஒக்டா நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஹார் பைல்களைக் களவெடுத்தவர்கள் இப்படித்தான் புகுந்தார்கள். ஏற்கனவே அனுப்பியவர்கள் மெசேஜை அழித்துவிட்டோம் என்று இருக்க வேண்டாம். எல்லாச் சாதனங்களிலிருந்தும் லொக்அவுட் செய்து, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

திருத்தும் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: 'முழு பைலையும் அனுப்புங்க' என்று கேட்காதீர்கள். எந்த நேரத்து வரிகள் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

கணினிப் பராமரிப்பாளர்கள்,
கல்முனை.