நேரத்துக்குச் சாப்பிடு மகள்

மகள்,

5ஆம் திகதி காசு வந்து சேர்ந்தது, தம்பிதான் போய் எடுத்தான். நீ பேசி இன்றைக்கு 22 நாள். வேலை கூடவாக இருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு. போன மாதம் நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கழுத்தெலும்பு தெரிகிறது.

இங்கே கச்சான் காற்று அடிக்கிறது, கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. முந்தாநாள் காயங்கேணிப் பவளப்பாறைக்குத் தோணியில் போனேன். மீன் பிடிக்க இல்லை, 2019இல் அதைச் சரணாலயமாக்கின பிறகு வலை கொண்டு போவதில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சும்மா பார்க்கத்தான். பல் தீட்டி விடுகிற மீன் என்று சின்னதில் சொல்வாயே, அந்த நீல மீன் இன்னும் அதே கல்லடியில் நிற்கிறது. விரல் நீளம்தான், கண்ணிலிருந்து வால் வரைக்கும் கறுப்புக் கோடு. பெரிய கலவாய் மீன் ஒன்று வாயைப் பிளந்தபடி அசையாமல் நிற்க, இது வாய்க்குள் புகுந்து செவுளால் வெளியே வருகிறது, அது கடிக்கவே இல்லை. ஒரு நாளைக்கு 1,200 அளவில் ஒட்டுண்ணிப் பூச்சி தின்னுமாம், தம்பி போனில் வாசித்துச் சொன்னான்.

அவ்வளவு தின்கிறதைத் தொட்டியில் விட்டால் ஒழுங்காகத் தின்னாது, மெலிந்து மெலிந்தே செத்துப்போகும். கலர் மீன் பிடித்து விற்கச் சுழியோடின காலத்தில் எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் பிடித்தேன். உன் ஏ.எல். சோதனை வகுப்புக் காசில் அதுவும் இருக்கிறது. நீ பாஸ் பண்ணின நாள் ஊர் முழுக்கத் தொதல் கொடுத்தேன், ஞாபகமா? கடைச் சோற்றையே நம்பி இருக்காதே மகள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு ஆண், அதோடு நாலைந்து பெண் என்றுதான் அந்த மீன்கள் இருக்கும். ஆணை நாங்கள் பிடித்துவிட்டால், இருக்கிறதில் பெரிய பெண் ஒன்றிரண்டு மணித்தியாலத்திலேயே ஆண் மாதிரி மற்றதுகளைச் சுற்றிக் காவல் போகத் தொடங்கிவிடும், இரண்டு மூன்று கிழமையில் முழு ஆணாகவே மாறிவிடும். காலையில் ஆணைப் பிடித்த கல்லுக்குப் பின்னேரம் திரும்பப் போய் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அம்மா செத்து எட்டாம் நாள் செலவு முடிந்த மறுநாள் விடிய நீ அடுப்பு மூட்டினாய். உனக்கு 13 வயது. தம்பிக்குச் சோறு குழைத்துத் தீத்திவிட்டு, கடைக் கொப்பியை எடுத்துக் கடன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாய், வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தோணியைத் தள்ளிக்கொண்டு நான் கடலுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வருசம் முழுக்க. என் மகள் ஆம்பிளைப் பிள்ளை மாதிரி என்று கண்டவனிடமெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன், நீ சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது 22 நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், அதைக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

அடுத்த மாதம் காசு அனுப்ப வேண்டாம், தம்பியும் நானும் சமாளிப்போம். இரவு எட்டுக்குப் பிறகு எடு, அந்த நேரம் சிக்னல் இருக்கிறது. பேச ஏலாவிட்டால் சாப்பாட்டுக் கோப்பையைப் படம் எடுத்தாவது அனுப்பு.

அப்பா