பாலத்தின் கதையைக் கொடுத்த உங்களுக்கு

பவானி லட்சுமி நகரில் ஏறி குமாரபாளையம் பக்கம் இறங்கும் காவிரிப் பாலத்தைப் பற்றி, ஆடிப்பெருக்குக்கு மறுவாரம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வைத்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. உதவிய எல்லோருக்கும் நன்றி.

பரிசல்கார ஐயா, உங்களிடம் பாலத்தின் கதை கேட்க வந்தோம். நீங்கள் தண்ணீரின் கதையைச் சொன்னீர்கள். "அக்கரை சேலம் ஜில்லா, இக்கரை கோயமுத்தூர் ஜில்லாங்க கண்ணு. ஆத்தத் தாண்டுனாலே வெளியூரு." இக்கரை 1979-இல் பெரியார் மாவட்டத்துக்கும் (இன்றைய ஈரோடு), அக்கரை 1997-இல் நாமக்கல்லுக்கும் போனதைப் பிள்ளைகள் உங்கள் பேச்சை வைத்துத்தான் வரைபடமாகப் போட்டார்கள்.

சங்ககிரி லாரி ஓட்டுநர் அண்ணனுக்கு இந்தச் சாலை இன்றும் 'நாப்பத்தேழு'தான். தேசிய நெடுஞ்சாலை எண் 47 மாறி 544 ஆகிப் பல வருஷம் ஆயிற்று என்றால் சிரிக்கிறார். சரி, அவர் வாயில் வந்த எண்ணையே தலைப்பில் வைத்துவிட்டோம்.

ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர் ஐயாவுக்குத்தான் கடன் அதிகம். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை அலைந்தும் கிடைக்காததை ஒரே மாலையில் சொல்லிக் கொடுத்தார். வண்டி போகும்போது கேட்கும் 'டக் டக்' சத்தம், வெயிலில் தளம் நீள்வதற்காக விட்ட இடைவெளியில் சக்கரம் ஏறி இறங்குவதால் வருவது. தளத்துக்கும் தூணுக்கும் நடுவே, தளத்தைத் தாங்கி அது அசைய இடம் கொடுக்கும் பேரிங் இருக்கிறது. வெள்ளத்தில் பயப்பட வேண்டியது மேலே மோதும் தண்ணீருக்கு அல்ல, தூணின் அடியில் மண்ணைப் பறிக்கும் சுழலுக்கு. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் வந்தபோது நாங்களெல்லாம் பாலத்தில் நின்று போட்டோ எடுத்தோம். அவர் கரையில் நின்று தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பவானி ஆறு காவிரியில் சேரும் கூடுதுறைக்குக் கீழே இருக்கிற பாலம் இது, பவானித் தண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்றார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

அப்புறம், டீயும் வடையும் கொடுத்துக் காசு வாங்க மறுத்த கடைக்கார அக்காவுக்கும் நன்றி.

யாரோ கொடுத்த இரண்டு பழைய போட்டோக்கள் என் மேசையில் இருக்கின்றன. ஒன்றில் பரிசலில் சைக்கிளோடு ஒரு பெண் நிற்கிறார். உங்களுடையது என்றால் பள்ளிக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அவர் யார் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.