ஸ்கொட்டி பார்ன்ஸைக் கவாய் ஆக்கப் பாக்காதேங்கோ: கனடாவில இருக்கிற எங்கட ராப்டர்ஸ் சனத்துக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ, மார்க்கம், மிசிசாகா எண்டு பரந்து கிடக்கிற அண்ணைமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் கிளிநொச்சியில இருந்து வணக்கம்.

என்பிஏ கூடைப்பந்து லீக்கில விளையாடுற எங்கட ரொறன்ரோ ராப்டர்ஸின்ர 2025-26 சீசன் தொடங்க முந்தி இதை எழுதுறன், வட்ஸ்அப் குறூப்புகளில திரும்பவும் அதே கதை தொடங்கிட்டுது, ரீமின்ர முக்கிய ஆட்டக்காரன் ஸ்கொட்டி பார்ன்ஸை வேற ரீமுக்குக் குடுத்துப்போட்டு ஒரு பெரிய ஸ்டாரைக் கொண்டு வரவேணுமாம், அவனுக்குக் குடுக்கிற காசுக்கு மட்சுக்கு முப்பது பொயின்ட் அடிக்கவேணுமாம், 2019இல கப் எடுக்கேக்க கவாய் லெனார்ட் செய்தமாதிரிச் செய்ய ஒருத்தன் இல்லாட்டி கப் இல்லையாம். நான் சண்டை பிடிக்க எழுதேல்ல. நீங்கள் அரீனாவுக்குப் போய்ப் பாக்கிற ஆக்கள், நாங்கள் இஞ்ச விடிய அஞ்சு ஆறு மணிக்கு எழும்பிப் போனில பாக்கிற ஆக்கள், ஆனா ரீம் எல்லாருக்கும் ஒண்டுதான், அதால எனக்கும் சொல்ல இருக்கு.

முதல்ல 2019ஐக் கதைப்பம். கவாய் பெரிய ஆள், அதில கதை இல்லை, பிலடெல்பியாவோட ஏழாவது மட்சில அந்தப் பந்து வளையத்தில நாலு தரம் துள்ளிப் போட்டு உள்ள விழுந்ததை ஆர் மறப்பினம். ஆனா கோல்டன் ஸ்டேட்டோட கப் எடுத்த அந்த ஆறாவது மட்சை ஒருக்கால் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. தொடங்கின உடன எங்கட முதல் 11 பொயின்டையும் அடிச்சது கைல் லௌரி. லௌரிக்கு 26, சியாகமுக்கு 26, கவாய்க்கு 22, மாற்று ஆளா வாங்கில இருந்து எழும்பி வந்த வான்வ்ளீட்டுக்கும் 22, அதில 12 கடைசிக் குவாட்டரில. 114-110 எண்டு வெண்ட மட்ச். அந்த ரீமில கசோல் மாதிரிச் சென்டருக்கே தூரத்தில இருந்து மூண்டு பொயின்ட் எறியத் தெரியும், டானி கிறீனை ஒரு நிமிசம் தனிய விடேலாது, எல்லாரையும் வெளியில வந்து காக்கவேணும் எண்டபடியாத்தான் கவாய்க்கு உள்ள இடம் கிடைச்சுது. நாங்கள் கவாயை மட்டும் ஞாபகம் வைச்சிருக்கிறம், அந்த இடத்தை மறந்திட்டம்.

இப்ப இருக்கிற ரீமின்ர நோய் அதுதான். இடம் இல்லை. போன சீசன் ஸ்கொட்டியின்ர மூண்டு பொயின்ட் 27 வீதம், ஸ்கொட்டி மூண்டு பொயின்ட் கோட்டடியில நிண்டு பந்தை வைச்சிருக்கேக்க அவனைக் காக்கிறவன் நல்லாப் பின்னால போய் உள்ளுக்கு நிக்கிறான், எறிஞ்சா எறியட்டும் எண்டு. எங்கட சென்டர் யாக்கப் பெல்டில், வெளியில இருந்து எறியிற ஆளே இல்லை. ஆர்ஜே பரட் எங்கட ஊர்ப் பெடியன் எண்டு நீங்கள் எல்லாரும் கொண்டாடுறியள், மட்சுக்கு 21 பொயின்ட் அடிச்சவன், ஆனா அவனும் உள்ள பூந்து போறவன்தான். இப்ப இங்ரம் வாறான். பெப்ரவரியில நியூ ஓர்லீன்ஸில இருந்து எடுத்து, கணுக்கால் காயத்தோட ராப்டர்ஸுக்கு ஒரு மட்சும் விளையாட முந்தியே மூண்டு வருசத்துக்கு 120 மில்லியன் டொலர் குடுத்திருக்கு. இங்ரமின்ர கை நல்ல கை, நடுத்தூரத்தில அவனை மாதிரி எறியிறவன் லீக்கில குறைவு, ஆனா அவனுக்கும் பந்து கையில வேணும், அதே இடம் வேணும். இந்த நாலு பேரோடயும் அஞ்சாவது ஆளா நிக்கிற குவிக்லி ஒருத்தன்தான் உண்மையா வெளியில இருந்து பயப்படுத்துறவன், அவன் போன சீசன் விளையாடினது 33 மட்ச்.

இந்த நிலைமையில முப்பது பொயின்ட் அடிக்கிற இன்னொருத்தனைக் கொண்டு வந்தா இன்னும் நெருக்கம்தான் கூடும்.

நல்லதையும் சொல்லவேணும். போன சீசன் 30-52 எண்டு பாத்திட்டு எல்லாரும் மூடி வைச்சிட்டியள், ஆனா ஜனவரிக்குப் பிறகு அந்த ரீமின்ர டிபென்ஸ் லீக்கில முன்னுக்கு நிண்ட ரீமுகளோட நிண்டது. கடைசி மாதங்களில வந்த ரீமுகள் கனக்க சோப்பிளாங்கி எண்டது உண்மை, அதைக் கழிச்சுத்தான் பாக்கவேணும், எண்டாலும் முழுக் கோர்ட்டிலயும் நிண்டு மறிக்க ஜமால் ஷெட் மாதிரிப் பெடியளுக்குக் கோச் டார்கோ பழக்கினது பொய்யில்லை. அதின்ர நடுவில நிக்கிறது ஸ்கொட்டி. எதிர் ரீமின்ர கார்டையும் காப்பான், போர்வேர்டையும் காப்பான், தேவையெண்டா சென்டரையும் பிடிப்பான், பந்தைப் பறிச்சு ரெண்டு அடி வைக்க முந்தியே முன்னுக்கு ஓடுறவனைக் கண்டு குடுத்திடுவான். இந்த வேலைக்கு ஸ்கோர் சீட்டில முழுசா இடம் இல்லை, அதுக்காக வேலை இல்லையெண்டு சொல்லாதேங்கோ.

இஞ்ச எங்கட பெடியளுக்கு ஸ்கொட்டியில ஏன் இவ்வளவு விருப்பம் எண்டும் சொல்லுறன். போர்ட் வைச்ச கோர்ட் கிடைக்கிறது வலு குறைவு, பெட்டையளின்ர வலைப்பந்துக் கம்பத்திலதான் பழகுறாங்கள். உயரம் ரெண்டுக்கும் ஒண்டுதான், பத்தடி, ஆனா வளையம் சின்னன், பின்னுக்குப் போர்டும் இல்லை. கிறவல் நிலத்தில பந்தைத் தட்டிக்கொண்டு ஓடேலாது, கல்லில பட்டு எங்கயோ போயிடும், அதால கையில வந்த உடன அடுத்தவனைப் பாத்துக் குடுக்கத்தான் வேணும். அப்பிடிப் பழகினவனுக்கு ஸ்கொட்டியின்ர ஆட்டம் பாத்த உடன விளங்குது. நீங்கள் பார்சலில அனுப்புற சேட்டெல்லாம் இன்னும் கவாயின்ர 2ஆம் நம்பர்தான், பெடியள் கேக்கிறது ஸ்கொட்டியின்ர 4ஆம் நம்பர்.

சரி, கப் வருமோ எண்டு கேட்டா, இந்த சீசன் வராது. ஒக்லஹோமா போன சீசன் 68 மட்ச் வெண்டு கப் எடுத்த ரீம், அதோட ஏழு மட்ச் விளையாடுற அளவுக்கு எங்களிட்ட எறி இல்லை. ஆனா லீக்கில நாங்கள் விளையாடுற கிழக்குப் பக்கம் திறந்து கிடக்கு. பொஸ்டனில டேட்டமுக்கும் இண்டியானாவில ஹலிபேர்டனுக்கும் குதிக்கால் நரம்பு அறுந்து போச்சுது, கிளீவ்லண்ட், நியூயோர்க், டெஸ்மண்ட் பேனை எடுத்த ஒர்லாண்டோ, இந்த மூண்டையும் விட்டா மற்ற ஆரையும் கண்டு பயப்பிடத் தேவையில்லை.

ரீமை நடத்தின மசாய் போனதுக்குப் பிறகு பொறுப்பா இருக்கிற பொபி வெப்ஸ்டரின்ர கையில காசும் பெரிசா இல்லை, ஸ்கொட்டி, இங்ரம், குவிக்லி, பெல்டில், ஆர்ஜே எண்டு அஞ்சு பேரின்ர பெரிய சம்பளத்தோட மற்றாக்களின்ரயும் சேர்ந்து, தாண்டினா லீக்குக்கு வரி கட்டவேண்டிய கோட்டில கொண்டுபோய் விட்டிட்டுது. அதால பெப்ரவரியில ட்ரேட் காலம் வரேக்க நீங்கள் கத்தவேண்டியது ஸ்டாருக்கு இல்லை, வெளியில நிண்டு எறியவும் வளையத்தைக் காக்கவும் தெரிஞ்ச ஒரு உயர்ந்த ஆளுக்கு. மமுகெலாஷ்விலியை எடுத்தது அதில பாதிதான், எறிவான், வளையத்தைக் காக்கமாட்டான். புதுப் பெடியன் மரே-பொயில்ஸ் காப்பான், எறியிறது இனித்தான் தெரியும். பெல்டில் ஒரு கிழமை காயத்தில இருந்தா என்ன செய்யப் போறம் எண்டதுதான் என்ர பெரிய பயம்.

ஸ்கொட்டியின்ர சோஷல் மீடியாப் பக்கத்தில போய்த் தூசணத்தில எழுதுற எங்கட பெடியளுக்குத் தனியச் சொல்லுறன், தயவு செய்து அதை நிப்பாட்டுங்கோ, தமிழ்ப் பேரோட எழுதுறியள், இஞ்ச சின்னப்பிள்ளையளும் வாசிக்குதுகள்.

குவிக்லியின்ர உடம்பும் இங்ரமின்ர கணுக்காலும் அறுபது மட்சுக்கு மேல நிண்டா இந்த ரீம் கிழக்கில முதல் ஆறுக்குள்ள வரும், நேர ப்ளேஓப் போகும். நிக்காட்டி ப்ளே-இன் எண்ட தகுதிச் சுற்றுத்தான், அதுக்கும் ஸ்கொட்டியில பழி போடாதேங்கோ.